வன்னி நெற்றும் ஓரண் காடும்

கேள்வி: ராஜஸ்தானில் 'கேர் சாங்கரி' என்ற கறியைச் சாப்பிட்டேன். காட்டில் பறித்தது என்றார்கள். இப்படிப் பறித்துக்கொண்டே இருந்தால் அவை அழிந்துவிடாதா?
— வாசகி, விருதுநகர்

பதில்: சாங்கரி வேறொன்றுமில்லை, நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னியின் பிஞ்சு நெற்றுதான். கேர், இலை அரிதான ஒரு முட்புதரின் காய். கோடையில் பறித்த சாங்கரியை வேகவைத்து வெயிலில் உலர்த்தியும், கேரின் கசப்பு நீங்க அதை உப்புநீரிலோ மோரிலோ சில நாட்கள் ஊறவைத்தும், மழை பொய்க்கும் ஆண்டுக்கென்று சேமிப்பது தார்ப் பாலைவனத்துப் பெண்களின் கைப்பழக்கம். நெற்றைப் பறிப்பதால் மரம் சாவதில்லை. மரம் நிலைக்க வேண்டும் என்ற அக்கறையும் பறிப்பவர்களுக்கே அதிகம். ஊர்த் தெய்வத்தின் பேரில் விடப்பட்ட 'ஓரண்' என்னும் பொதுக்காடுகளில் பச்சை மரத்தை வெட்டக் கூடாதென்பது ஊர்க் கட்டுப்பாடு. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜட்லியில், வன்னி மரங்களை வெட்டவந்த அரசனின் ஆட்களைத் தடுத்து மரங்களைக் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்விட்டனர்.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தானாக முளைக்கும் வன்னிக் கன்றுகளை டிராக்டர் உழுதெறிகிறது. வருவாய்ப் பதிவில் 'தரிசு' என்றிருக்கும் ஓரண் நிலங்களைச் சூரிய மின்திட்டங்கள் கேட்கின்றன. ஓரண்களை அளந்து காடாக அறிவிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது நல்லதே. ஆயினும், வனத்துறையின் கைக்குப் போனபின் மேய்ச்சலுக்கும் காய் பறிக்கவும் தங்களுக்கு இடமிருக்குமா என்று ஜெய்சல்மேர்ப் பகுதி மக்கள் கேட்பது நியாயமான கேள்வி.