உங்க கேள்வி, எங்க பதில்: கடல் தாண்டிப் போற கிறிஸ்துமஸ் வாழ்த்து

கேள்வி: நான் குரோஷே பின்றவ. எங்க ஆன்லைன் குரூப்ல பல நாட்டுக்காரங்க இருக்காங்க. டிசம்பர் 20 தாண்டிட்டா ஒரே வாழ்த்துப் படமா வந்து குவியுது, யார் அனுப்புனாங்கன்னுகூட பாக்காம எல்லாரும் ஒரு ஹார்ட் போட்டுட்டு போயிடறாங்க. நான் அனுப்புறது கொஞ்சமாவது மனசுல நிக்கணும்னா என்ன பண்ணலாம்? (ஒரு வாசகி)

பதில்: உங்க கையால பின்னுனதை போட்டோ எடுத்து அனுப்புங்க, அது போதும். உங்களை அந்த குரூப்ல சேத்து வச்சதே நூலும் ஊசியும்தானே, அப்புறம் யாரோ எங்கயோ டிசைன் பண்ண மினுமினு படத்துக்கு அங்க என்ன வேலை? இந்த வருஷம் யாரோ ஒருத்தர் பேட்டர்ன் பாத்து நீங்க ஒண்ணு முடிச்சிருப்பீங்கல்ல, அதை போட்டோ எடுத்து "நீங்க சொல்லிக் குடுத்தது இது, ஹேப்பி கிறிஸ்துமஸ்"னு அவங்க பேரைப் போட்டு தனியா அனுப்புங்க. பின்னல் ஒரு ஓரத்துல கோணலா இருந்தா அப்படியே இருக்கட்டும், பின்றவங்களுக்கு அந்தக் கோணல் எப்படி வந்துச்சுன்னு தெரியும், அதுலயே நாலு பேச்சு வளரும்.

எல்லா ஹாபிக்கும் இது பொருந்தும். தபால்தலை சேக்கறவரா இருந்தா கனடா 1898ல வெளியிட்ட ரெண்டு சென்ட் மேப் ஸ்டாம்ப் பத்தி எழுதி அனுப்பலாம், உலக மேப்புக்கு கீழ கிறிஸ்துமஸ் 1898னு அச்சடிச்சு வந்தது அது, கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப்லயே முதல்னு நிறைய பேர் சொல்றது அதைத்தான். டெலஸ்கோப் வச்சிருக்கவங்க ஓரியன் நட்சத்திர மண்டலத்துக்குப் பக்கத்துல, மோனோசெரஸ்ங்கற மண்டலத்துல இருக்கற என்ஜிசி 2264 நட்சத்திரக் கூட்டத்தை படம் எடுத்து அனுப்பலாம், கிறிஸ்துமஸ் ட்ரீ கிளஸ்டர்னே அதுக்குப் பேரு, டிசம்பர் கடைசியில ராத்திரி வானத்துல நல்லா மேல வந்துடும். பறவை பாக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம். 1900 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஃபிராங்க் சாப்மன் ஆரம்பிச்சு வச்ச கணக்கெடுப்புல 27 பேர் கலந்துக்கிட்டாங்க, அதுவரை அந்த நாள்ல பறவைகளை போட்டி போட்டு சுடற பழக்கம் இருந்துச்சு, சுடாம எண்ணுவோம்னு மாத்துனாரு அவரு. இன்னைக்கும் வருஷா வருஷம் டிசம்பர் 14ல இருந்து ஜனவரி 5 வரைக்கும் அது நடக்குது. அந்த லிஸ்ட்ல நீங்க பாத்த ஒரு பறவையோட பேர் சொல்லி வாழ்த்து அனுப்பிப் பாருங்க, பதில் வராமலா போயிடும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஸ்வீடன்ல இருந்து ஒரு பழைய மெஷின் ரேடியோவுல வாழ்த்து அனுப்பும்னு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா ரேடியோவுல பேசிக்கறது) நண்பர் சொல்றாரு. நிஜமா? (ஒரு வாசகர்)

பதில்: நிஜம், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான்! ஸ்வீடன்ல கிரிமெடன்னு ஒரு இடம். அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவுக்கு தந்தி அனுப்பறதுக்காக 1920கள்ல அங்க ஒரு ஸ்டேஷன் கட்டுனாங்க, 1925ல மன்னர் ஐந்தாம் குஸ்டாவ் திறந்து வச்சாரு. ஒவ்வொண்ணும் 127 மீட்டர் உசரத்துல ஆறு டவர். உள்ள இருக்கறது பழைய ரேடியோ வால்வும் கிடையாது சிப்பும் கிடையாது, எர்ன்ஸ்ட் அலெக்ஸாண்டர்சன்னு ஒரு இன்ஜினியர் வடிவமைச்ச, நிஜமாவே சுத்துற ஜெனரேட்டர், அது சுத்துற வேகத்துலதான் ரேடியோ அலையே பிறக்குது. அந்த வகையில இன்னைக்கும் ஓடற மெஷின் அது ஒண்ணுதான், 2004ல யுனெஸ்கோ பாரம்பரிய சின்னமா அறிவிச்சுட்டாங்க.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில, பெரும்பாலான வருஷம், அங்க இருக்கற ஆர்வலர்கள் அதை ஓட விட்டு 17.2 கிலோஹெர்ட்ஸ்ல மோர்ஸ் கோட்ல (புள்ளியும் கோடுமா வர்ற தந்தி மொழி) ஒரு செய்தி அனுப்புவாங்க. அதைப் பிடிக்க காஸ்ட்லி ரிசீவர் வேணும்னு கட்டாயமில்ல, ஃப்ரீக்வென்சி அவ்ளோ கம்மியா இருக்கறதால கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டே அதைப் படிச்சுடும், செம்புக் கம்பியை சுத்தி ஒரு காயில் பண்ணி மைக் போடற ஓட்டையில மாட்டி, இலவசமா கிடைக்கற சாஃப்ட்வேரை போட்டுக் கேக்கறவங்க இருக்காங்க. கிடைச்சவங்க எந்த நாட்டுல இருந்து கேட்டோம், எவ்ளோ தெளிவா இருந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதி ஸ்டேஷனுக்கு ஆன்லைன்ல அனுப்புவாங்க. தூரம் அதிகமா இருந்தா கேக்காமப் போகலாம், காயிலை கம்ப்யூட்டர், எல்இடி பல்பு கிட்ட வச்சா இரைச்சல்ல மூழ்கிடும், அதனால கொஞ்சம் தள்ளி வைங்க. கேக்காதவங்களும் "நான் முயற்சி பண்ணேன், இரைச்சல்தான் வந்துச்சு"ன்னு மத்தவங்களோட பேசிக்குவாங்க, அந்தப் பேச்சே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துதான்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: நான் கிறிஸ்தவன் இல்ல, வாழ்த்து சொல்லலாமா? போன வருஷம் செஸ் ஆடற ரஷ்ய நண்பருக்கு 25ஆம் தேதி சொன்னேன், எங்களுக்கு இன்னும் வரலையேன்னாரு. (ஒரு வாசகர்)

பதில்: தாராளமா சொல்லலாம். ரஷ்யா, செர்பியா, எத்தியோப்பியா மாதிரி இடங்கள்ல ஆர்த்தடாக்ஸ் சபைக்காரங்களுக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ரஷ்யா, செர்பியாவுல சர்ச்சுக்கு பழைய ஜூலியன் காலண்டர், அது நம்ம காலண்டரை விட 13 நாள் பின்னாடி இருக்கு. அர்மீனியாவுல ஜனவரி 6. உக்ரைன் 2023ல சட்டம் போட்டு டிசம்பர் 25க்கு மாறிடுச்சு. அதனால உங்க நண்பர்கிட்ட "உங்க வீட்ல எப்போ"ன்னு ஒரு தடவை கேட்டு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க. கொண்டாடாதவங்களும் எந்த குரூப்லயும் இருப்பாங்க, அவங்களுக்கு "புது வருஷம் நல்ல ஆட்டமா அமையட்டும்"னு சொன்னா சந்தோஷமா எடுத்துப்பாங்க.

கேள்வி: பல டைம் ஜோன்ல ஆளுங்க இருந்தா எப்போ அனுப்பறது?

பதில்: அவசரமே வேண்டாம். உலகத்துல டிசம்பர் 25 முதல்ல பிறக்கறது கிரிபாட்டி நாட்டோட லைன் தீவுகள்ல, யூடிசிங்கற உலகப் பொது நேரத்தை விட 14 மணி நேரம் முன்னாடி. அதுல ஒரு தீவோட பேரே கிறிஸ்துமஸ் தீவு, கேப்டன் குக் 1777 டிசம்பர் 24 அன்னைக்கு வந்து சேந்ததால வச்ச பேரு. கடைசியா முடியறது அமெரிக்கன் சமோவா பக்கம், யூடிசிக்கு 11 மணி நேரம் பின்னாடி. ஆக ஜனங்க வாழற இடங்களை மட்டும் வச்சுப் பாத்தா அந்த ஒரு நாள் 49 மணி நேரம் ஓடுது. குரூப்ல எப்ப அனுப்புனாலும் யாரோ ஒருத்தருக்கு சரியான நேரம்தான். தனியா அனுப்பறதா இருந்தா மட்டும் அவங்க தூங்கற நேரமான்னு பாருங்க, ஷெட்யூல் பண்ணி வச்சா இன்னும் நல்லது.

கேள்வி: குரூப்ல ஒருத்தர் பேர்ல வாழ்த்து லிங்க் வந்திருக்கு, திறக்கலாமா?

பதில்: அவர்கிட்ட வேற வழியில கேட்டுட்டு திறங்க. இது பழைய வித்தை. 1987 டிசம்பர்ல ஜெர்மனியில ஒரு மாணவர் எழுதுன புரோகிராம் வாழ்த்து மாதிரி வந்துச்சு, ஓட விட்டா ஸ்கிரீன்ல எழுத்தாலயே ஒரு கிறிஸ்துமஸ் மரம் வரும், அதே நேரத்துல உங்க முகவரி லிஸ்டை எடுத்து அதுல இருக்கற எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக்கும், ஐபிஎம்மோட உள் நெட்வொர்க்கே திணறிப் போச்சு. தெரிஞ்சவங்க பேர்ல வந்ததாலதான் எல்லாரும் திறந்தாங்க. படமா வந்தா பாருங்க, ஏதாவது இன்ஸ்டால் பண்ணச் சொன்னாலோ பாஸ்வேர்ட் கேட்டாலோ மூடிடுங்க.

கேள்வி: வருஷா வருஷம் முதல் ஆளா வாழ்த்து சொல்ற ஒரு பெரியவர் இந்த வருஷம் காணோம். மாடல் ரயில் செய்யறவர். கேக்கலாமா, தப்பா எடுத்துப்பாங்களா? (ஒரு வாசகி)

பதில்: கேளுங்க, ஆனா குரூப்ல எல்லாருக்கும் முன்னாடி "அவருக்கு என்ன ஆச்சு"ன்னு போடாதீங்க, அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்து அதை அவர் வெளிய சொல்லாமலும் இருக்கலாம். முதல்ல தனியா, ஒரு வாழ்த்தாவே அனுப்புங்க, அவர் கடைசியா காட்டுன ரயில் இஞ்சினைப் பத்தி ஒரு வரி கேளுங்க, நலமான்னு நேராவும் கேட்டுடுங்க. ஒரு வாரம் பாத்துட்டு பதில் இல்லேன்னா குரூப் நடத்தறவங்ககிட்ட சொல்லுங்க, அவரோட வேற நம்பரோ ஈமெயிலோ அவங்ககிட்ட இருக்கலாம். அதை உங்களுக்குத் தரச் சொல்லாதீங்க, விசாரிச்சுட்டு சொல்லுங்கன்னு மட்டும் கேளுங்க.

கேள்வி: எனக்கு வந்த வாழ்த்தை ஜனவரி 10ஆம் தேதிதான் பாத்தேன், இனிமே பதில் போடறது அசிங்கமா இருக்குமா?

பதில்: இருக்காது, இன்னைக்கே போடுங்க. லேட்டுக்கு காரணம் ரெண்டு வார்த்தை, மீதியெல்லாம் இப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்கன்னு எழுதுங்க.