தோட்டத்துல கிடைச்ச தங்கக்காசு

கேள்வி: கிணத்து மேட்டுல மண்ணு அள்றப்ப ஒரு தங்கக்காசு கிடைச்சுதுங்க, ஒரு பக்கம் தலை, மறுபக்கம் உக்காந்திருக்கற பொம்பள. ரோமானியக் காசுங்களா?
- வாசகர், காங்கயம்

பதில்: இருக்கலாமுங்க! தலையில இலைமாலை, சுத்தி லத்தீன்ல டிஐ சீசர்னு (TI CAESAR) எழுத்து, மறுபக்கம் பான்டிஃப் மாக்சிம்னு (PONTIF MAXIM, தலைமைப் பூசாரிங்கற பட்டம்) இருந்து அந்தம்மா கையில கோலும் கிளையும் இருந்தா அது கி.பி. 14-37ல ஆண்ட ரோமானியப் பேரரசர் திபேரியஸ் காசு, எடை 7.7 கிராம் பக்கம் வரும், நகைக்கடைத் தராசுல போட்டுப் பாருங்க. விளிம்புல வார்ப்புக் கோடு தெரிஞ்சா போலிதான். முகத்துல உளி வெட்டு இருந்தா பதறாதீங்க, புதுக்கோட்டைல 1898ல கிடைச்ச 501 காசுல பெரும்பாலும் வெட்டுப்பட்டதுதான். தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, உருக்கவே உருக்காதீங்க! 1878 புதையல் சட்டப்படி கலெக்டர்கிட்ட சொல்லியாகணும், எடுத்த இடத்தையும் காட்டுங்க, பழங்கால வணிக ஊரான கொடுமணல்ல மணி கோத்து வித்த நம்ம நொய்யல் மண்ணுங்க இது.