திருவிழா, திருமணங்களில் வாசிக்கும் சிறிய குழுவுக்குப் பழைய 300 வாட் பாஸ் ஆம்ப் வாங்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஐந்து பேர் கொண்ட இசைக்குழு. பெரும்பாலும் தோட்டத்துக் கோவில் திருவிழாக்களிலும் திருமண விருந்துகளிலும் வாசிக்கிறீர்கள். உங்கள் 60 வாட் பாஸ் ஆம்ப்பின், அதாவது பாஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவியின், ஒலி திடலில் யாருக்கும் எட்டவில்லை. ஒருவர் 300 வாட் ஹெட்டையும் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்து 1,500 மலேசிய வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா, பழையதை விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பாஸ் வாசிக்கிறேன், சிறிய நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பும் வாடகைக்குத் தருகிறேன். என் பதில்: பெட்டி நல்ல நிலையில் இருந்தால் வாங்குங்கள், 300 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். பழையதை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

வாட் என்பது ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய மின்திறன்; அது ஒலியின் அளவு அன்று. மின்திறனை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே ஏறும். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் ஏற வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும். ஆக, 60 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குப் போவதால் உங்களுக்குக் கிடைப்பது 7 டெசிபெல். குறைவில்லைதான், ஆனால் ஐந்து மடங்கு சத்தம் வரும் என்று எதிர்பார்த்துப் பணத்தைக் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத எண் ஒன்று உண்டு: ஸ்பீக்கர் பெட்டியின் உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. ஒரு பெட்டி 94, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி 400 வாட்டில் தரும் சத்தத்தை இரண்டாவது பெட்டி 100 வாட்டிலேயே தந்துவிடும். அதனால்தான் பெட்டிக்கு முதல் இடம் கொடுக்கச் சொல்கிறேன். ஹெட் பழுதானால் வேறொன்று வாங்கி அதே பெட்டியில் பொருத்திக்கொள்ளலாம். மட்டமான பெட்டியை எந்த ஹெட்டாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது, நீங்கள் வாசிக்கும் இடம். பாஸின் தடித்த கம்பி, அதாவது கீழ் 'ஈ', ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். டேவான் போன்ற மூடிய மண்டபத்தில் சுவர்கள் அதைத் திருப்பி அனுப்பி ஒலியைத் தடிக்க வைக்கும். கோவில் திடலில் சுவர் ஏது? ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் சாலை. போன ஒலி திரும்பி வராது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். மேடைக்கு 4 மீட்டர் முன்னால் 100 டெசிபெல் இருந்தால், 32 மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு 82 டெசிபெல்தான் போய்ச் சேரும். 300 வாட் ஒற்றைப் பெட்டியை மேடையில் வைத்துக்கொண்டு இந்தத் தூரத்தை வெல்ல நினைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குப் பாஸே கேட்காது.

ஆகவே மேடையில் இருக்கும் ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் பாஸைக் கொண்டு போக வேண்டியது திடலின் ஒலிபெருக்கிகள். ஹெட்டின் பின்புறம் டி.ஐ. வெளியீடு, அதாவது பாஸின் ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பும் முனை, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு டி.ஐ. பெட்டி வாங்கி அதன் வழியே மிக்சருக்கு அனுப்புங்கள். திடலின் ஒலி அமைப்பில் கீழ் ஒலிகளுக்கான 18 அங்குல சப்வூஃபர் இருந்தால் கவலையே இல்லை.

ஆனால் நம் பக்கத்துத் திருவிழாக்களில் பல நேரம் இருப்பது கம்பத்தில் ஏற்றிய 15 அங்குலப் பெட்டிகள் இரண்டு மட்டுமே. பாடகரின் குரலும் அதில்தான் வருகிறது, கீபோர்டும் அதில்தான் வருகிறது. அதில் பாஸையும் முழுதாகக் கொட்டினால் குரல் கலங்கிவிடும். பாட்டின் வரி ஒன்றுகூடப் புரியாது. இப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது இதுதான். குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன். பாஸில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 200 முதல் 400 வரையுள்ள பகுதியைச் சற்று ஏற்றுவேன். அடித்தளம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். ஒரு சுரத்தின் மேல் இசைக்கூறுகள் தெளிவாக வந்தால், வராத அடிச்சுரத்தையும் நம் காது நிரப்பிக்கொள்ளும். சிறிய வானொலிப் பெட்டியிலும் பாஸ் நடப்பதை நாம் கேட்டு வளர்ந்தது அப்படித்தான். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பாஸ் தனி மெட்டாகவே நடக்கும். அந்த நடை கூட்டத்துக்குக் கேட்க வேண்டும். வயிறு அதிர்வது பிறகு பார்த்துக்கொள்ளலாம். உறுமி மேளம் உங்களுடன் சேர்ந்து வாசிக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் கீழ்ப்பகுதியைக் குறையுங்கள். அந்த இடத்தை உறுமி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி பொருளைப் பார்க்கப் போகும்போது. பகலில் போங்கள். உங்கள் கிட்டாரையும், சாதாரண மல்டிமீட்டர் ஒன்றையும், 9 வோல்ட் மின்கலம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் பெட்டியை ஹெட்டிலிருந்து கழற்றி, ஸ்பீக்கர் வயரை மட்டும் பெட்டியில் செருகி, வயரின் மறுமுனையில் ஓம் அளவை, அதாவது மின்தடையை, பாருங்கள். 8 ஓம் பெட்டி ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் பெட்டி 3 அல்லது 3.5 காட்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. பிறகு மின்கலத்தை அதே முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சுத்தமான சத்தத்துடன் ஸ்பீக்கரின் கூம்பு அசைய வேண்டும். கரகரத்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே விடைபெற்றுவிடலாம். கூம்பின் நடுமூடியைச் சுற்றி இரு கை விரல்களையும் சமமாக விரித்து வைத்து, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காதை அருகே வைத்துக் கேளுங்கள். ஒன்றும் கேட்கக் கூடாது. மணல் உரசுவதுபோல் மெல்லிய சத்தம் வந்தால் சுருள் காந்தத்தின் இடுக்கில் உராய்கிறது. 15 அங்குல ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியிருக்கும். கூம்பின் வெளிவிளிம்பையும் தொட்டுப் பாருங்கள். மடிப்பு மடிப்பான துணி விளிம்பு பல ஆண்டு தாங்கும். நுரை விளிம்பு நம் ஊரின் ஈரக் காற்றில் நைந்து, நகம் பட்டாலே பொடியாக உதிரும்.

அதன் பிறகே ஹெட்டை இயக்குங்கள். ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கும்போதே பலமான இரைச்சல் கேட்டால் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் வறண்டிருக்கலாம். குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் தூசி. தொடுமுனை துடைக்கும் மருந்தில் போய்விடும், ஆனால் விலையைக் குறைக்க நல்ல காரணம். அரை மணி நேரமாவது வாசியுங்கள். விரிசல் விட்ட பற்றவைப்பு, சூடேறிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். தடித்த கம்பியில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக மெதுவாக ஏறுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி அதிரும். தளர்ந்த திருகா, பிரிந்த பலகையா என்று அப்போதே தேடிப் பாருங்கள். காற்றுத் துவாரங்களில் கைவிளக்கை அடித்துப் பார்க்கவும் மறவாதீர்கள். தோட்டத்து வீடுகளில் நெடுநாள் கிடந்த ஆம்ப்பில் எறும்பும் பல்லியும் குடியிருப்பது சாதாரணம்.

பின்பலகையில் எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள். இங்கே விற்கப்படும் பழைய பொருள்களில் பல ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்தவை. ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் 230 முதல் 240 வோல்ட். நேரடியாகச் செருகினால் அந்த நிமிடமே மின்வழங்கி எரிந்துவிடலாம். 100 என்று மட்டும் இருந்தால் மின்மாற்றியின் விலையையும் எடையையும் கணக்கில் சேருங்கள். '100 முதல் 240 வரை' என்று அச்சிட்டிருந்தால் சிக்கல் இல்லை.

அதே பலகையில், 300 வாட் எத்தனை ஓமுக்கு என்பதையும் பாருங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஃபெண்டர் ரம்பிள் 500 தன் உள் ஸ்பீக்கர்களுக்கு, அதாவது 8 ஓமில், 350 வாட்தான் தருகிறது. வெளிப்பெட்டி ஒன்றைச் சேர்த்து 4 ஓமுக்குக் கொண்டுவந்தால்தான் 500. உங்களுக்குச் சொல்லப்பட்ட 300 என்பதும் 4 ஓமுக்கான எண்ணாக இருந்து, பெட்டி 8 ஓமாக இருந்தால், கையில் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். பல ஹெட்கள் அதைத் தாங்கா. ஹெட்டையும் பெட்டியையும் இணைக்கக் கிட்டார் வயரைப் பயன்படுத்தவே கூடாது. அது மெல்லியது, சூடேறும். தடித்த ஸ்பீக்கர் வயர் வேண்டும். பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கான் முனை இருந்தால் மேடையில் யார் கால் பட்டாலும் கழன்று விழாது.

அது வால்வு ஹெட்டாக, அதாவது பழைய வானொலிகளில் இருந்ததுபோல் கண்ணாடிக் குழல்களால் இயங்குவதாக, இருந்தால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியுடன் அது எழுப்பும் ஒலியை நான் மனதார நேசிக்கிறேன். ஆனால் அந்த வகைப் பெட்டி ஒன்றே அறுபது கிலோவுக்கு மேல். மழையில் நனைந்த திடலில் லோரியிலிருந்து அதை இறக்கப் போவது உங்கள் நண்பர்கள். வால்வு ஹெட்டை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அவசர அவசரமாக மேடை கட்டும் இடத்துக்கு அது ஏற்றதன்று.

தம்பி, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். திருவிழாவில் இரைச்சல் வந்தால் பிளக்கின் பூமி முனையைத் துண்டித்துவிடு என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பாஸின் கம்பிகள் ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு மின்தொடர்பில் இருக்கின்றன. பூமி இணைப்பில்லாத ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் உங்கள் விரல் வழியே வரும். உதடு மைக்கைத் தொட்டால் சுற்று முழுமையடையும். உயிர் போகும். இரைச்சலை நீக்க டி.ஐ. பெட்டியில் பூமித் தொடர்பை விலக்கும் சிறிய விசை இருக்கிறது. அது ஒலிக் கம்பியில் மட்டும் வேலை செய்வதால் ஆபத்தில்லை. ஜெனரேட்டரில் வாசிப்பதாக இருந்தால், பூமிக் கம்பி அடித்திருக்கிறார்களா, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அதன் சோதனைப் பொத்தானை உங்கள் கண் முன்னால் அழுத்தச் சொல்லுங்கள். வாசிப்பதற்கு முன் இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

விலை விஷயம். நான் பழைய பொருளுக்குப் புதியதன் பாதி விலைக்கு மேல் கொடுப்பதில்லை. அதுவும் எல்லாச் சோதனைகளும் தேறினால். கேட்காமல், தொடாமல் முன்பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும். காரில் ஏற்றிய பிறகு பணத்தைக் கையில் கொடுங்கள். பெட்டியின் அளவை முன்கூட்டியே கேட்டு, உங்கள் மைவி காரின் பின்னிருக்கையை மடக்கினால் நுழையுமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

புதியது வந்த பிறகும் அந்த 60 வாட்டை ஒரு திருவிழாக் காலம் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அதுவே போதும். ஹெட் நடுவில் கைவிட்டால் மாற்றாகவும் நிற்கும். பாஸுக்காகச் செய்த ஆம்ப் கீபோர்டின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் கீபோர்டு வாசிப்பவரின் பக்கத்திலும் வைக்கலாம். பிறகு விற்கத் தோன்றினால் பின்பலகையின் படம், ஓம் அளவு, எந்தப் பழுது எப்போது பார்க்கப்பட்டது என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்க வருகிறவரிடம் கிட்டாரைக் கொடுத்து, அரை மணி நேரம் வாசிக்க விடுங்கள்.