ரயிலை ஓட்டிவிட்ட அப்பா

கேள்வி: போன ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து வயது மகளோடு வீட்டு டிவியில் 'ஸ்பிரிட்டட் அவே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பார்த்தோம். ஆஸ்கர் வாங்கிய படம், பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரும் என்று என் மைத்துனர் சொன்னார். அப்பா அம்மா பன்றியாக மாறும் இடத்தில் மகள் பயந்து அழுதாள். பெற்றவர்களைப் பன்றியாகக் காட்டுவதெல்லாம் ஒரு படமா என்று என் மனைவிக்குக் கோபம். ஒருவழியாகப் பார்த்து முடித்தோம். நடுவில் அந்தப் பெண் ரயிலில் சும்மா உட்கார்ந்து போகும்போது ஒன்றுமே நடக்காததால் பத்து நிமிடம் ஓட்டிவிட்டேன். கடைசியில் எல்லாம் கனவா நிஜமா என்று எனக்கே புரியவில்லை. "அந்த ஹேர்பேண்ட் எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்று மகள் கேட்டாள். முதலிலிருந்தே போட்டிருப்பாள் என்றேன். அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. இணையத்தில் ஒருவர் உலகத்திலேயே சிறந்த படம் என்கிறார், ஒருவர் கதையே இல்லை என்கிறார், இன்னொருவர் அது விபசார விடுதியைப் பற்றியது என்கிறார். இதில் எந்தக் கருத்தை நான் மகளுக்கு எடுத்துச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, கருத்து அப்புறம். முதலில் அந்தப் பத்து நிமிடத்துக்கு வாருங்கள். போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சிக்கல் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

படம் 125 நிமிடம். ரயில் வருவது கடைசி அரை மணி நேரத்துக்குள். பன்றியான பெற்றோரை மீட்க, ஆவிகள் குளிக்க வரும் ஒரு குளியல் இல்லத்தில் வேலைக்குச் சேரும் சிறுமி சிஹிரோ பெட்டியில் உட்கார்ந்து போவது சில நிமிடம்தான். நீங்கள் பத்து நிமிடம் தள்ளியிருந்தால், அவள் இறங்குகிற ஆறாவது நிறுத்தமும், அங்கே மந்திரக்காரி ஸெனிபா பாட்டியின் குடிசையும் கூடவே போயிருக்கும். அந்தக் குடிசையில்தான் பாட்டியும், காவோனாஷி என்கிற முகமூடிக்காரனும், எலியாகிப்போன குழந்தையும், குட்டிப் பறவையும் சேர்ந்து நூல் நூற்றுப் பின்னி சிஹிரோவுக்கு ஒரு ஹேர்பேண்ட் செய்து தருகிறார்கள். எல்லாரும் சேர்ந்து நூற்ற நூல், இது உனக்குக் காப்பு என்று பாட்டி சொல்லிக் கொடுக்கிறாள். படம் முடியும்போது சுரங்கவழியைத் திரும்பிப் பார்க்கிறாளே, அப்போது அவள் தலையில் ஒரு நொடி மின்னுவது அதுதான்.

கனவா நிஜமா என்று பெரியவர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போடும் கேள்விக்குப் படம் வைத்திருக்கும் பதில் அந்த மின்னல். வெளியே நிற்கும் காரின் மேல் இலைதழை மூடிக் கிடப்பதும், உள்ளேயும் தூசி என்று அப்பா அலுத்துக்கொள்வதும், போகும்போது சாந்து பூசிய சுவராக இருந்த வாசல் வரும்போது பாசி பிடித்த கல்லாக நிற்பதும் அதற்குத் துணைச் சாட்சிகள். உங்கள் மகள் முதல் தடவையிலேயே சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டாள். நீங்கள் பார்க்காத காட்சிக்குப் பதில் தெரிந்தமாதிரி ஒரு பொய்யைச் சொன்னீர்கள். "ஓட்டிவிட்டேன் கண்ணு, எனக்குத் தெரியாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குழந்தைகள் தோற்றுப்போன அப்பாவை மன்னிப்பார்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறவரிடம் அடுத்த கேள்வியைக் கொண்டுவர மாட்டார்கள். அவள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் படம் என்று நினைக்காதீர்கள்.

இனி அந்த ரயிலில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்களே, அதைப் பார்ப்போம். படத்தின் முதல் காட்சியும் ஒரு வண்டிக்குள்தான். பிரிவுக்குக் கொடுத்த பூங்கொத்தைக் கட்டிக்கொண்டு, காரின் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக் கிடக்கிறாள் சிஹிரோ. வீடு மாறுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கே போகிறோம் என்பதை முடிவு செய்கிறவர்கள் முன்சீட்டில் இருக்கிறார்கள். ரயிலில் அதே பெண் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. குளியல் இல்லத்தில் தனக்கு உதவிய ஹாக்கு என்ற பையன் ஸெனிபாவிடம் திருடிய முத்திரையைத் திருப்பிக் கொடுத்து, அவனுக்காக மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டவள். குளியல் இல்லத்தின் கொதிகலனைக் கவனிக்கும் கமாஜி தாத்தா நாற்பது வருடமாக வைத்திருந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்: முன்பெல்லாம் திரும்பி வர வண்டி உண்டு, இப்போது போகிற வண்டி மட்டும்தான். தெரிந்தேதான் ஏறுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காவோனாஷி, கொஞ்ச நேரம் முன்பு ஆட்களை விழுங்கிக் கொண்டிருந்தவன். இப்போது பூனைமாதிரி இருக்கிறான். நிழலாகத் தெரியும் பயணிகள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் போக, பெட்டி காலியாகிறது, வெளியே தண்ணீர் இருட்டுகிறது. ஜோ ஹிசாய்ஷியின் பியானோதான், பேச்சு அநேகமாகக் கிடையாது. இதைத்தான் ஒன்றுமில்லை என்று தள்ளினீர்கள்.

இயக்குநர் ஹயாவோ மியாசாகி இதை வேண்டுமென்றே செய்கிறவர். அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் 2002-இல் கேட்டபோது, சில முறை கைதட்டிக் காட்டி, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் இருப்பதற்கு ஜப்பானியத்தில் 'மா' என்று பெயர் என்றார். மூச்சுவிட இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவர் மரத்துப் போவார் என்பது அவர் கணக்கு. அந்த இடைவெளியைத்தான் உங்கள் ரிமோட் வெட்டியது. கதையும் சேர்ந்து வெட்டுப்பட்டது. ஒருமுறை நடந்தது எதுவும் மறந்துபோவதில்லை, நினைவுக்கு வராமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று ஸெனிபா சொல்வது அந்த வீட்டில். சற்றுநேரத்தில் வானத்தில் பறக்கும்போது ஹாக்குவின் உண்மைப் பெயர் சிஹிரோவுக்கு நினைவு வருகிறது. அவள் சின்ன வயதில் விழுந்த கொஹாக்கு ஆற்றின் தெய்வம் அவன், அந்த ஆற்றை இப்போது தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். முன்னதைத் தவறவிட்டவருக்குப் பின்னது திடீரென்று வானத்திலிருந்து குதித்தமாதிரிதான் இருக்கும். கதையே இல்லை என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் உங்களைப்போல் ஓட்டினார்களோ!

கருத்துகள் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

தன்னம்பிக்கைப் படம் என்ற உங்கள் மைத்துனர் ஆங்கில டப்பிங்கில் பார்த்திருக்க வேண்டும். அதில் கடைசியில், புது வீடு, புதுப் பள்ளி, கொஞ்சம் பயம்தான் என்று அப்பா சொல்ல, சமாளித்துவிடுவேன் என்று சிஹிரோ பதில் சொல்கிறாள். ஜப்பானிய மூலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. அமெரிக்கப் பார்வையாளருக்காக ஒட்டவைத்த வால் அது. சிஹிரோ இதில் 'வளர்கிறாள்' என்பதையே மியாசாகி ஒப்புக்கொண்டதில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தது நெருக்கடியில் வெளியே வருகிறது என்றுதான் சொன்னார். விபசார விடுதி என்கிறவர்கள், பழைய ஜப்பானின் எடோ காலக் குளியல் இல்லப் பெண்களைக் குறிக்கும் 'யூனா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். சொல்லுக்கு அப்படி ஒரு வரலாறு உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு? 2001-இல் ஜப்பானில் 3,000 கோடி யென்னுக்கு மேல் வசூல், 2002-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது, 2003-இல் ஆஸ்கர், 18 வருடம் கழித்து 2019-இல் சீனாவில் முதல்முறையாக வெளியாகி, அன்றே வந்த 'டாய் ஸ்டோரி 4'-ஐ முந்திய வசூல் என்று அடுக்கினால் மைத்துனர் ஜெயிப்பார். உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் மனைவி கோபப்படுவதில் பாதி நியாயம். அந்தக் காட்சி பயமுறுத்தும், பயமுறுத்தத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் எதற்காகப் பன்றியானார்கள் என்று பாருங்கள். ஆளில்லாத கடையில் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஆள் வந்ததும் காசு கொடுத்துக்கொள்ளலாம் என்கிறார் அம்மா, கார்டும் இருக்கிறது பர்ஸும் இருக்கிறது என்கிறார் அப்பா. வேண்டாம், போய்விடலாம் என்று மகள் கெஞ்சுவது காதில் விழவில்லை. மகள் சொன்னது காதில் விழாத அப்பா என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, செய்ய வேண்டியது. முதலில் அவளிடம் போய், ஹேர்பேண்ட் விஷயத்தில் தெரியாமல் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். மனைவி எதிரிலேயே சொல்லுங்கள், அப்பா பட்டம் பறிபோகாது. அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் ரயில் வரும்போது தூக்கமும் வரும், கை ரிமோட்டுக்குப் போகும். போனை வேறு அறையில் வையுங்கள், ரிமோட்டை மகளிடம் கொடுங்கள். ஒலியை ஜப்பானியத்துக்கு மாற்றி ஆங்கில வசனவரியைப் போடுங்கள். வேகமாக ஓடும் இடங்களில் தமிழில் தணிந்த குரலில் சொன்னால் போதும். பன்றிக் காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடும், மனைவியை அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நடுவில் ஹாக்கு ரத்தத்தோடு வரும் இடத்திலும் காவோனாஷி ஆட்களை விழுங்கும் இடத்திலும் பயந்தால் நிறுத்தி வைக்கலாம். ஓட்டக் கூடாது. தாண்டிப் போன பயம் ராத்திரி திரும்பி வரும். நின்று பார்த்த பயம் அப்படி வராது.

ஒரே ஒரு இடத்தில் வாயைத் திறக்க அனுமதி. சிஹிரோ என்ற பெயரில் உள்ள இரண்டு எழுத்தில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு குளியல் இல்லத்தை நடத்தும் மந்திரக்காரி யூபாபா அவளைச் 'சென்' ஆக்குகிறாள். சென் என்றால் ஆயிரம். முழுப் பெயருக்கு ஆயிரம் பாகம் என்று பொருள். நம் கடற்கரையில் இரண்டு கையையும் விரித்து ஆழம் அளக்கிறார்களே, அதே பாகம். ஆழத்தைப் பிடுங்கிக்கொண்டு வெறும் எண்ணை விட்டுவைக்கிறாள் என்று சொல்லுங்கள், பிள்ளைக்குப் பிடிக்கும். ரயிலில் ஒரு வார்த்தை கூடாது. முடிந்ததும் "என்ன புரிஞ்சுது?" என்று பரீட்சை வைக்கவும் கூடாது.

அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று ஊகிக்க முடிகிறது: அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதா? தெரியாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். போகும்போது சுரங்கவழியில், இப்படி ஒட்டிக்கொள்ளாதே, நடக்க முடியவில்லை என்கிறார் அம்மா. வரும்போதும் அதையேதான் சொல்கிறார். அத்தனையும் செய்துவிட்டு வந்த பெண், முன்னைப் போலவே அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.