குழாய்க்கு அடியில் ஒரு மான்

கேள்வி: அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய்க்கு அடியில் பனிமான்கள் நிம்மதியாக நிற்கிற படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. குழாய் போட்ட பிறகு மான்கள் பல மடங்கு பெருகிவிட்டனவாம். அப்படியிருக்க, எந்தத் திட்டம் வந்தாலும் வழக்குப் போட்டு முட்டுக்கட்டை போடுகிறவர்களை என்ன செய்வது?

பதில்: படம் உண்மைதான். அங்கே கரிபு என்று சொல்லப்படும் அந்த மான்கள் கோடையில் குழாய் நிழலைத் தேடி வரும். மரமே இல்லாத வெளி அது. கொசு ஒரு பக்கம், மூக்குத் துளைக்குள் புழுவை விட்டுப் போகும் ஈ இன்னொரு பக்கம். தப்பிக்க எந்த நிழல் கிடைத்தாலும் போய் நிற்கும். நம் ஊரில் மழைக்கால இரவுகளில் மாடுகள் தார்ச்சாலையில் வந்து படுக்கின்றன. அதைப் படமெடுத்து 'நெடுஞ்சாலைத் துறை மாடு வளர்க்கிறது' என்று ஒருவர் அனுப்பினால் நம்புவீர்களா?

பெருகியதும் உண்மை. 1970-களின் நடுவில் சுமார் 5,000 இருந்த மந்தை 2010-இல் 70,000 வரை போனது. உங்களுக்கு வந்த செய்தி அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. 2016-இல் அதே மந்தை சுமார் 22,000. இறங்கியதற்குக் குழாயைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஏறியதற்கு அதற்கு மாலை போடவும் மாட்டேன். படத்தில் இல்லாதவற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஜூன் தொடக்கத்தில் கன்று ஈன்ற தாய் மான்கள் சாலைக்கும் எண்ணெய்க் கிணற்று மேடுகளுக்கும் சில கிலோமீட்டர் தள்ளியே இருந்துகொள்கின்றன. படமெடுத்தவர் சாலையில் நின்றுதானே எடுத்திருப்பார்?

சரி, முட்டுக்கட்டைக்கு வருவோம். ப்ரூடோ வளைகுடாவில் 1968-இல் எண்ணெய் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜப்பானிலிருந்து 48 அங்குலக் குழாய்கள் வந்து இறங்கிவிட்டன. வடகோடியிலிருந்து தெற்கே வால்டெஸ் துறைமுகம் வரை 1,287 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதியை மண்ணில் புதைத்துவிடுவது என்பதுதான் முதல் யோசனை. கீழே இருப்பது ஆண்டு முழுக்க உறைந்து கிடக்கும் நிலம். சூடான எண்ணெய் ஓடினால் சுற்றியுள்ள மண் உருகிக் குழம்பாகும், குழாய் தாங்க ஆளில்லாமல் தொங்கும் என்று லாக்கன்ப்ரூக் என்ற அமெரிக்க அரசு நிலவியலாளர் 1970-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே ஆண்டு பழங்குடி கிராமத்தாரும் சூழல் அமைப்புகளும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். வந்திறங்கிய குழாய்கள் ஐந்தாண்டு அடுக்கியபடியே கிடந்தன.

அந்த ஐந்தாண்டில்தான் வரைபடம் மாறியது. பாதிக்கு மேல், சுமார் 676 கிலோமீட்டர், தூண் மேல் ஏறியது. மான் புகுந்து போக 550-க்கும் அதிகமான இடங்களில் வழி விட்டார்கள். தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த சிறு குழாய்கள், மொத்தம் 1,24,000. நிலம் லேசாகச் சூடேறினால் அடியில் இருக்கும் அம்மோனியா ஆவியாகி மேலே வரும். உச்சியில் உள்ள அலுமினியத் தகடுகள் வழியே சூட்டைக் குளிர்காற்றுக்குக் கொடுத்துவிட்டு, திரவமாகி மறுபடி கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. பூமிப் பிளவைக் கடக்கிற இடத்தில் குழாய் வழுக்கி நகர்வதற்குத் தண்டவாளம் போலத் தாங்கிகள் வைத்தார்கள். 2002 நவம்பரில் 7.9 அளவில் நிலம் அதிர்ந்து, அங்கே தரை நான்கு மீட்டர் போல நகர்ந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. நீங்கள் பார்த்த படத்தில் மான் குழாய்க்கு 'அடியில்' நிற்கிறது இல்லையா? அந்த அடியில் என்ற இடமே வழக்குப் போட்டவர்கள் வாங்கிக் கொடுத்த அவகாசத்தில் கிடைத்தது.

வழக்குப் போட்டவர்கள் ஜெயித்தார்களா என்றால், இல்லை. 1973-இல் செனட்டில் 49-க்கு 49 என்று நின்ற வாக்கெடுப்பை, துணை ஜனாதிபதி ஆக்னியூ குழாய்க்குச் சாதகமான தன் வாக்கால் முடித்துவைத்தார். இனி இதை நீதிமன்றத்தில் இழுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. எண்ணெய் 1977-இல் ஓடியது.

அந்த வழக்குகளில் இன்னொரு கூட்டமும் இருந்தது. வால்டெஸுக்குப் பக்கத்துக் கடலில் பிழைக்கிற கார்டோவா ஊர் மீனவர்கள். 1971-லேயே, எண்ணெய்க் கப்பல் எங்கள் கடல் வழியாக வர வேண்டாம் என்று வழக்குக்குப் போனார்கள். கப்பலுக்கு இரட்டை அடிப்பாகம் வேண்டும் என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. தரையில் கேட்ட அளவுக்குக் கடலில் யாரும் காது கொடுக்கவில்லை. 1989 மார்ச் 24-ஆம் தேதி எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது அதற்கு இருந்தது ஒற்றை உடல்தான், ஒரே அடுக்குத் தகடு. 4 கோடி லிட்டருக்கு மேல் எண்ணெய் கொட்டியது. இரட்டை உடல் கட்டாயம் என்ற சட்டம் அடுத்த ஆண்டு வந்தது.

அங்கே நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன் 1993-இல் சரிந்தது. எண்ணெயாலா நோயாலா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். இடையில் ஓரிரு ஆண்டு போக, கார்டோவாக்காரர்களின் ஹெர்ரிங் வலை பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கிறது. அதையும் யாராவது படமெடுத்து அனுப்பினால் எனக்கும் ஒன்று தள்ளிவிடுங்கள்.