ரிப்போர்ட்டில் ‘அதிகம்’ என்று வந்தால் நோயா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 5.8, பக்கத்தில் ‘அதிகம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இயல்பு அளவு 2.5 முதல் 4.5 வரையாம். கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சரியாக இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறாக இருக்குமோ?

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். அந்த 2.5–4.5 பெரியவர்களுக்கான அளவு. உங்கள் மகன் வயதில் ஏறக்குறைய 4 முதல் 6.5 வரை இயல்புதான். கைக்குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். வளரும் எலும்புக்குப் பாஸ்பரஸ் வேண்டும் என்பதால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வளர்ச்சி நிற்கிற வயதில் பெரியவர்கள் அளவுக்கு இறங்கிவிடும். எலும்பு வளரும்போது ரத்தத்தில் கூடும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் இப்படித்தான். கால்சியம் வயதோடு பெரிதாக மாறாது.

படிவத்தில் வயதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் 2 வயதுக்கும் 60 வயதுக்கும் கணினி ஒரே அளவை அச்சடிக்கிறது. பிறகு எதற்குக் கேட்டார்களோ!

எனக்குக் கவலை இதற்கு நேர்மாறான குழந்தையைப் பற்றித்தான். 2 வயதில் பாஸ்பரஸ் 2.8 என்று வந்தால், அதே ரிப்போர்ட் ‘இயல்பு’ என்று சொல்லும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையில் அது குறைவு. கால் வளைவு கூடிக்கொண்டே போகிறது, உயரம் ஏறவில்லை, அல்கலைன் பாஸ்பட்டேஸ் அந்த வயதுக்கும் மிஞ்சி நிற்கிறது என்றால், சிறுநீர் வழியே பாஸ்பரஸ் வீணாகும் ஒருவகை ரிக்கெட்ஸாக (குழந்தைகளின் எலும்பு உறுதி குறைந்து வளையும் நோய்) இருக்கலாம். இது பரம்பரையாகவும் வரும். வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே ‘இயல்பு’ என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், வயதோடு சேர்த்து எண்ணைப் பாருங்கள்.

இந்த ரிப்போர்ட்டைக் காட்டினால் ‘தாதுச் சமநிலை கெட்டிருக்கிறது’ என்று டானிக் விற்க ஆள் வருவார்கள். முடியை வெட்டி அனுப்பினால் எல்லாத் தாதுவையும் அளந்து சொல்கிறோம் என்பார்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது ஈடுகட்டும்; ஆகவே ரத்தக் கால்சியத்தை மட்டும் வைத்து எலும்பின் பலத்தைச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள்.

விரலைக் குத்திப் பிழிந்து ரத்தம் எடுத்திருந்தால், செல்கள் உடைந்து பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் மகனுக்கு மறுபரிசோதனை தேவைப்படும் என்று தோன்றவில்லை. அடுத்த முறை குழந்தை மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். பரிசோதனைக் கூடத்தில் ‘வயதுக்கு ஏற்ற அளவைப் போட்டுக் கொடுங்கள்’ என்று கேளுங்கள்.