மலைச்செடிக்கு ஈரம் வேண்டாமா?

கேள்வி: நியூசிலாந்தின் டுனெடின் நகரில் வசிக்கிறேன். நாற்றுப் பண்ணையில் 'ஆல்பைன் செடிகள்' (உயர்மலைச் செடிகள்) வரிசையில் இருந்த பானக்கெனக்கே செடி ஒன்றை வாங்கி, சரளைக்கல் பரப்பிய பாறைத் தோட்டத்தில் நட்டேன். ஜனவரிக் கோடை வெயிலில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. எஞ்சியதைக் காப்பாற்றிப் பெருக்க முடியுமா? (வாசகி ஒருவர்)

பதில்: முடியும், ஆனால் முதலில் இடத்தை மாற்றுங்கள். மலைச்செடி என்றாலே வறண்ட கல்லிடுக்கில் வளர்வது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உங்கள் செடியோ ஓடைக்கரையிலும் நீர் கசியும் சரிவிலும் படர்ந்து பழகியது. 1786இல் தாவரவியலாளர் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் இதற்கு லொபீலியா அங்குலாட்டா என்று பெயரிட்டார். பெரும்பாலான லொபீலியாக்களின் காய்கள் உலர்ந்து வெடிக்க, இதில் சதைப்பற்றுள்ள செங்கருநீலப் பழம் உருவாவதால் இடையில் சில காலம் பிராட்டியா என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். பண்ணைகளில் அப்பழைய பெயரை இன்றும் காணலாம்.

வல்லாரையைப் போல இதுவும் தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும் செடி என்பதால், பெருக்குவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. பசுமை மாறாத தண்டுகளைத் தேடி, வேர் பிடித்த கணுக்களோடு விரல் நீளத்துக்கு வெட்டியெடுத்து, இலைமட்கு கலந்த மண்ணில் தண்டு கிடைமட்டமாகப் படியும்படி பதித்து, தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து நிழலில் காத்து வாருங்கள். வேரில்லாத தண்டானாலும் கணு ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கோடை தணிந்த இலையுதிர்காலமோ வசந்தமோ இதற்கு ஏற்றது. இப்போதே பிரித்தால், ஈரம் ஒரு நாளும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். விதையிலிருந்தும் வளர்க்கலாம்: பழச் சதையைக் கழுவி நீக்கி, நுண்ணிய விதைகளை மண்மேல் தூவினால் போதும், மூட வேண்டாம்.

நிலையான இடமாகக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள, கூரைநீர் வடியும் ஓரத்தையோ குளக்கரையையோ தேர்ந்தெடுங்கள். இளந்தளிரை நத்தைகள் விரும்பித் தின்னும் என்பதால் மாலையில் பார்த்து அகற்றுங்கள். நன்கு வேரூன்றியபின் அருகிலுள்ள புல்தரைக்குள்ளும் புகுந்துவிடும். எனவே ஒரு கல்வரம்பு கட்டிவைப்பது நல்லது.

மலையேறும்போது இச்செடியைக் கண்டு மகிழலாம், பிடுங்கி வர வேண்டாம். அரசுப் பாதுகாப்பு நிலத்திலிருந்து அனுமதியின்றித் தாவரம் எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். தவிர, உங்களிடம் மிஞ்சியுள்ள சில கணுக்களே அந்த ஓரம் முழுவதையும் மூடப் போதுமானவை.